ஒக்டோபஸ் ஓன்லைனில் இருக்கிறார்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ரயில் பாதைக்குச் சற்று முன்னால், சரோஜினிதேவி ஒரு கொம்யூனிகேஷன் நடத்திவந்தார். நான்கைந்து கணினிகள், இரண்டு தொலைபேசிக் கூண்டுகள், உப்புக் காற்றில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு போட்டோகொப்பி மெஷின். பெயர்ப்பலகையும் ஒன்று இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ‘கூகிள் அக்காட கடை’ என்றால்தான் த்ரீவீல்காரருக்கு விளங்கும்.

அந்தப் பட்டத்துக்கு இணைப்பின் வேகம்தான் காரணம். திரையில் ஒரு படம் நெற்றி, பிறகு கண், பிறகு மூக்கு என்று மேலிருந்து இறங்கி முடிவதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்துவிடலாம். கனடாவில் பிறந்த பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் நெற்றியோடேயே அழத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தைச் சரோ அக்காவால் சும்மா விட முடியாது.

“அன்ரி, பிறக்கேக்க பிள்ளைக்கு முந்நூறு எலும்பு மட்டில இருக்குமாம். வளர வளர ஒண்டோட ஒண்டு ஒட்டி, எங்களுக்கு இருநூற்றாறுதான்.”

“அப்ப மிச்சம் எங்க பிள்ளை போனது?”

“அதைத்தான் எல்லாரும் தேடுறம்.”

சிரிக்காமல் சொல்வார். கேட்டவரும் கொஞ்சம் கழித்துத்தான் சிரிப்பார், சிலர் சிரிக்காமலே பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பற்றிஸ் கடித்துக்கொண்டு உள்ளே வரும் பெடியனிடம், கரப்பான் பூச்சி தலை போன பிறகும் ஒரு கிழமை நடமாடும் என்றும், கடைசியில் தண்ணீர் குடிக்க வாயில்லாமல்தான் சாகும் என்றும் சொல்வார். அவன் பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பான்.

அவருக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. போரில் சனம் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் வெறிச்சோடிய வருடம் தம்பியோடு கொழும்புக்கு வந்தவர். ஒரு கணக்காளர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை செய்து, அது மூடப்பட்டதும் இந்தக் கடையை எடுத்தார். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. தலைமயிரை இறுக்கி முடிந்து, கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்தி, வாங்கில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்து மாடியில் குடியிருந்தேன். சுவரைப் பார்த்தபடி இருந்த கடைசிக் கணினி என்னுடையது மாதிரி ஆகிவிட்டிருந்தது. “தம்பி கவிதை பாக்கிறார், சத்தம் போடாதேங்கோ” என்று மற்றவர்களிடம் சொல்லி என் காதைச் சிவக்க வைப்பார்.

இணையத்தை அவர் ஒரு பேய்வீடு மாதிரித்தான் நடத்தினார். பேயை நம்பாதவர் நடத்தும் பேய்வீடு. ‘இந்த மடலைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஏழு நாளில் இரத்தம் கக்குவீர்கள்’ என்று வரும் மின்னஞ்சலை யாராவது கூப்பிட்டுக் காட்டினால், “அனுப்பாமல் செத்தவன் எப்பிடி இதை எங்களுக்கு எழுதினவன்?” என்று கேட்பார். சென்னையில் ஒரு நடிகர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்து கடையே துக்கம் கொண்டாடினால், “இந்த வருஷம் அவர் சாகிறது மூண்டாந் தரம். படம் வரப்போகுது போல” என்பார். எங்கள் ஒழுங்கையில் கணிதம் படிப்பித்த ஜெகதீஸ்வரி ரீச்சர் ஒருநாள் தன் பெயரையே தேடிப் பார்த்தார். நோர்வேயில் அதே பெயரில், அதே பிறந்த வருடத்தில், தன்னைப் போலவே மூக்குத்தி போட்ட ஒருத்தி புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் இரண்டு நாள் வகுப்பு எடுக்கவில்லை.

“பயப்பிடாதேங்கோ ரீச்சர்,” என்றார் சரோ அக்கா. “அவவும் உங்களைத் தேடிப் பாத்திட்டு அங்க போர்வைக்குள்ள கிடப்பா.”

பொலிஸ்காரர்கூட அவரிடம் தப்பவில்லை. கணினிக் கடைகளுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க ஒருவர் வந்தார். உள்ளே இருந்த இளைஞர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அடையாள அட்டைக்குச் சட்டைப்பையில் கைவைத்தார்கள். சரோ அக்கா ஒரு தாளில் ஒரு சிலுவையும் சற்றுத் தள்ளி ஒரு புள்ளியும் கீறி அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

“மஹத்தயா, வம் எஹ வஹன்ன.” இடது கண்ணை மூடுங்கள்.

அவர் ஏன் மூடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒற்றைக் கண்ணால் சிலுவையையே பார்க்கச் சொல்லி, தாளை மெல்ல மெல்ல முன்னால் நகர்த்தினார்.

“கியா!” என்று கத்தினார் பொலிஸ்காரர். புள்ளி போய்விட்டது.

“ஒவ்வொரு கண்ணிலயும் ஒரு ஓட்டை இருக்கு எண்டு சொல்லும் தம்பி,” என்றார் அக்கா என்னிடம். “அதுக்குள்ள விழுகிற சாமான் தெரியாது. ஆனா ஓட்டையும் தெரியாது. மூளை சுத்திவர இருக்கிற நிறத்தை எடுத்து அதைப் பூசி மூடிப்போடும்.”

நான் என் பள்ளிக்கூடச் சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரர் அந்தத் தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, எவருடைய அட்டையையும் பார்க்காமல் போனார்.

தம்பி யோகநாதன் அக்காவுக்கு நேர் எதிர். அவன் எல்லாவற்றையும் நம்புவான், அல்லது நம்புவதில் ஒரு சுகம் கண்டான். ஓகஸ்டில் செவ்வாய்க் கிரகம் நிலவளவு பெரிதாகத் தெரியும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தபோது, அது வருடாவருடம் வரும் பொய் என்று அக்கா தொண்டை வறளச் சொல்லியும், அவன் ஒழுங்கைச் சனத்தை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டான். மாலை மங்குகிற நேரம். கீழே காவல் நின்ற இராணுவத்தினர் இத்தனை தமிழர்கள் வானத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டு துப்பாக்கியோடு ஏறி வந்தார்கள். யோகன் விளக்கினான். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அண்ணாந்து நின்றார்கள். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் கொலன்னாவைப் பக்கம் விமானம் வந்து குண்டு போட்ட பிறகு, எங்கள் ஒழுங்கையில் யாரும் விளையாட்டுக்கு வானம் பார்க்கவில்லை.

யோகன் போட்டோகொப்பி மெஷின் திருத்துபவன். கொட்டாஞ்சேனைக் கடைகளில்தான் அவனுக்கு வேலை அதிகம். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒக்டோபஸுக்கு மூன்று இதயம், நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும், அதனால் அது நீந்துவதைவிடத் தவழ்வதையே விரும்பும் என்று அக்கா சொன்ன அன்று அவன் துள்ளினான்.

“அப்ப அது நான்தான் அக்கா! ஓடச் சொன்னா எனக்கும் நிண்டுபோகுது.”

அன்றே மெசேஞ்சரில் தன் பெயரை ஒக்டோபஸ் என்று மாற்றினான். மத்தியானங்களில் அவன் வேலை செய்யும் இடத்திலிருந்து மெசேஞ்சருக்குள் வருவான். இங்கே அக்காவின் திரை மூலையில் ‘டொக் டொக்’ என்று கதவு தட்டும் சத்தத்தோடு ஒரு சிறு பெட்டி எழும்பும், அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முகம் சிரிக்கும்: ஒக்டோபஸ் ஓன்லைனில் இருக்கிறார். அக்கா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்: சாப்பிட்டியா? அவனும் அதே மாதிரி எழுதுவான்: சாப்பிட்டாச்சு. பெரும்பாலும் அது பொய். அவர்களுக்கிடையில் மத்தியானம் நடக்கும் பேச்சு அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பெப்ரவரியில் ஒருநாள் காலை யோகன் வேலைக்குப் போனான். திரும்பி வரவில்லை. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி முனையில் ஒரு வான் நின்றதாக இரண்டு பேர் சொன்னார்கள். வானின் நிறத்தை அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை; ஆள் தூக்கும் வான்களின் நிறம் அப்போது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுடைய கைத்தொலைபேசிக்கு எடுத்தால் ஒரு பெண் முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில் அவனை அடைய முடியாது என்றாள். தமிழ் வரும்போது மட்டும் அக்கா கண்ணை மூடிக் கேட்பார். பொலிஸில் முறைப்பாடு போட்டார். செஞ்சிலுவைக்காரரிடம் போனார். அவன் வேலை செய்த கடைகளுக்கெல்லாம் போனார். ஒரு கடை மட்டும் இறக்கிய ஷட்டரோடு இருந்தது, மற்றக் கடைக்காரர்கள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். அறையில் யோகனுடைய இன்ஹேலர் கிடந்தது. அவன் அதை ‘பம்ப்’ என்பான். அன்று அதை மறந்துவிட்டுப் போயிருந்தான். அக்கா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவனுக்கு மூச்சு முட்டினால் யார் என்ன செய்வார்கள் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. உயிரோடு இருக்கிறானா என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை.

ஒரு மாதம் போலக் கழிந்திருக்கும். காலையில் கடை திறந்த சற்று நேரத்தில், நான் என் மூலையில் இருக்க, ‘டொக் டொக்’ என்று கேட்டது.

அக்காவின் முதுகைத்தான் நான் பார்த்தேன். அது அசையவில்லை. எழுந்து போனேன். திரை மூலையில் அந்த மஞ்சள் முகம் வெளிச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒக்டோபஸ் ஓன்லைனில் இருக்கிறார்.

டேய், என்று தட்டினார். யோகன். எங்கடா இருக்கிறாய். ஆரோடை. பம்ப் இருக்கோ. ஒன்றுக்கும் பதில் இல்லை. மாலையில் அந்த முகம் சாம்பல் நிறமானது. மறுநாள் காலை மறுபடியும் மஞ்சள்.

“ஆருக்கும் சொல்லாதையும் தம்பி,” என்றார். “சொன்னா அணைஞ்சிடும்.”

பத்துப் பேருக்கு அனுப்பு என்ற மிரட்டலைச் சிரித்துத் தள்ளிய அதே வாயால் இதைச் சொன்னார்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை அது. மத்தியானம். அக்கா யாருடையதோ பாஸ்போட்டை நகலெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கை மெஷினின் மூடியில் இருக்க, மற்றக் கை பழக்கத்தில் போய்த் தட்டியது: சாப்பிட்டியா?

பதில் வந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியது போல, நெடுநேரம் கழித்து.

சாப்பிட்டாச்சு.

அக்கா பாஸ்போட்டை உரியவரிடம் கொடுத்தார், மிச்சக் காசைக் கொடுத்தார். பின்னறைக்குப் போய், காலையில் மூடிவைத்த சோற்றை நின்றபடியே உண்டார். மாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய், தம்பி தொடர்பு கொண்டுவிட்டான், இனித் தேட வேண்டாம் என்று சொன்னார். செஞ்சிலுவைக்காரரிடமும் அதையே சொன்னார். பொலிஸில் அதைக் கேட்டு மகிழ்ந்து கைகுலுக்கினார்கள்.

“அவன் எங்கயோ ஒளிச்சிருக்கிறான்,” என்றார் திரும்பும்போது. “பக்கத்தில ஆரோ நிக்கினம். ஒரு சொல்லுத்தான் எழுதலாம். இவையள் தேடப்போனா அதுவும் போயிடும்.”

அதற்குப் பிறகு அவர் அந்த வெளிச்சத்திலிருந்து தம்பியின் வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினார். எத்தனை கேட்டாலும் ஒரு கேள்விக்குத்தான் பதில் வரும், அதுவும் எப்போதும் ஒரே சொல். ஆனால் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பிந்தித்தான் மஞ்சளாகும். “நல்லா நித்திரை கொள்ளுறான், கொள்ளட்டும்.” செவ்வாய்க்கிழமையும் பிந்தும். அதற்குக் காரணம் கிடைக்காமல் இரண்டு செவ்வாய் யோசித்தார். டொல்பின் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறு பாதியால் விழித்திருக்கும் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார். “எங்கட ஆக்களிலயும் அப்பிடிச் சிலர் இருக்கினம்” என்று சேர்த்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும், பேய்வீட்டை நடத்தியவர் அதற்குள்ளேயே குடிபோய்விட்டார் என்று தோன்றியது.

யூன் மாதத்தில் ஒருநாள் அந்த முகம் மஞ்சளாகவே இல்லை. காலை, மத்தியானம், மாலை, எப்போது பார்த்தாலும் சாம்பல். அக்கா வாங்கிலிருந்து எழும்பவில்லை. யாருக்கும் ஒரு விஷயமும் சொல்லவில்லை. படம் இறங்கும்வரை ஆட்கள் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை முகம் வெளிச்சமானது. அன்றே ஜெகதீஸ்வரி ரீச்சர் ஒரு சின்னப் பாண் துண்டோடு வந்தார்.

“இந்தாரும் சரோ, அந்தோனியாற்றை பாண். நேத்துத் திருநாள். நான் செவ்வாயில கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போறனான், நேத்தும் போனன். கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை எல்லாம் கடை பூட்டு. கால் வைக்க இடமில்லை.”

அக்கா பாணை வாங்கவில்லை. ரீச்சருடைய முகத்தையே பார்த்தார்.

“செவ்வாயில காலமை போவினமோ ரீச்சர்?”

“ஓம், கடை வைச்சிருக்கிறவை கூடக் கும்பிட்டிட்டுத்தான் போய்த் திறப்பினம்.”

ரீச்சர் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். கண்கள் காய்ச்சல்காரருடையவை போல இருந்தன.

“ஞாயிறு பூசை. செவ்வாய் அந்தோனியார். நேத்துத் திருநாள். தம்பி, அவன் ஆரோ வேதக்காரற்றை வீட்டில இருக்கிறான். கொட்டாஞ்சேனையிலதான். வெளிக்கிடும்.”

பஸ்ஸில் அவர் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். புறக்கோட்டைக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு இராணுவப் பெடியன் பைக்குள்ளிருந்து பம்பை எடுத்து, இது யாருடையது என்று கேட்டான்.

“மல்லிகே,” என்றார். தம்பியுடையது. அவ்வளவு சந்தோசமாக அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று ஷட்டர் இறங்கியிருந்த கடை இப்போது திறந்திருந்தது. ஒரு வீட்டின் முன்னறைதான் கடை. வாசலில் அந்தோனியார் படம், அதற்குச் சிவப்பு பல்ப். உள்ளே நகல் மெஷினும், ஒரு வரிசைக் கணினிகளும். கடைக்காரன் சிறில் மெலிந்த ஆள், யோகனுடைய வயது இருக்கும். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான்.

“யோகன் அண்ணாட அக்காதானே… மன்னிச்சிருங்க அக்கா. அன்னைக்குப் பயத்துல பூட்டிட்டு நீர்கொழும்புக்குப் போயிட்டேன். ஒரு மாசம் இந்தப் பக்கமே வரல்ல.”

“அது பரவாயில்லை. அவனைக் கூப்பிடும்.”

“யாரை?”

“யோகனை. இஞ்சதானே வைச்சிருக்கிறீர். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பம்பைக் குடுத்திட்டுப் போறன்.”

“அக்கா…”

“நேத்து மட்டும்தான் எழுதேல்லை. மற்ற நாளெல்லாம் எனக்கு எழுதுறான்.”

சிறில் நெற்றியில் கை வைத்துச் சிலுவை அடையாளம் போட்டான். இப்போது பயந்தது அவன்தான்.

அக்கா அவனைத் தாண்டிப் பார்த்தார். மூலையில், வெளிநாட்டுக்குத் தொலைபேசிக் கோல் எடுக்க என்று தனியாக வைத்திருந்த ஒரு கணினி. அதன் திரையின் கரையில் மெசேஞ்சர் பெட்டி திறந்திருந்தது. அக்கா போய் அதன் முன்னால் அமர்ந்தார். மேலே ஒக்டோபஸ் என்று இருந்தது. கீழே, நண்பர் பட்டியலில், ஒரேயொரு பெயர் மட்டும் மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தது: அக்கா. வெள்ளவத்தையில் அவர் அணைக்காமல் விட்டுவந்த கணினி.

அவர் தன்னையே அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லாத கடையில் தான் ஓன்லைனில் இருப்பதை.

“அது மெஷினோட வந்த சாமான் எண்டு நினைச்சேன் அக்கா,” என்றான் சிறில். “ஓன் பண்ணினா அதுவா வரும். ஒக்டோபஸ் எண்டா ஏதோ புரோகிராம் எண்டுதான்… அண்ணன் எப்பவோ பாஸ்வேட்டை சேவ் பண்ணி வச்சிருக்கார் போல. இதுல கோல் மட்டும்தான் எடுக்கிறது, அதால யாரும் அத மாத்தல்ல.”

அக்கா கேட்டார்: “அப்ப பதில் எழுதினது ஆர்?”

சிறிலுக்கு அது தெரியாது. பதில் பின்கதவு வழியாக வந்தது. வெள்ளைத் துணியால் தலையை மூடிய ஒரு வயதான பெண், கையில் சிறிலுக்கான சோற்றுப் பார்சலோடு. அந்த வீட்டின் சொந்தக்காரி, எல்லோரும் பீபி உம்மா என்பார்கள் என்று பிறகு அறிந்தோம். மத்தியானம் சிறில் சாப்பிடும் நேரத்தில் கடைக்குக் காவலாக அந்தக் கதிரையில் இருப்பது அவர்தான்.

“அது நான்தானே மகள்,” என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தார்.

“குவைத்துல பத்து வருஷம் ஊட்டு வேல செஞ்சேன். மருந்துப் போத்தல் பாத்துப் பாத்து இங்கிலீஷ் எழுத்து படிச்ச. இதுல ஒவ்வொரு நாளும் டொக் டொக் எண்டு தட்டி ஒரு புள்ள கேக்குது, சாப்பிட்டியா சாப்பிட்டியா எண்டு. சோத்துக்குக் கேக்கிற கேள்விக்கு பதில் செல்லாம ஈக்க ஏலுமா? அது பாவமில்லயா?”

“மற்றக் கேள்வியள்?” அக்காவின் குரல் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“அதெல்லாம் ஊட்டுக் கதை மகள். அதுக்கு நான் எப்பிடி பதில் செல்ற?” பீபி உம்மா பார்சலை மேசையில் வைத்தார். “நான் பொய் செல்லல்ல. சாப்பிட்டுட்டு வந்துதான் சாப்பிட்டாச்சு எண்டு அடிச்ச.”

யாராவது சிரித்திருக்கலாம். போட்டோகொப்பி மெஷின் மட்டும் சூடேறி உறுமியது.

நடந்ததைச் சிறில் தணிந்த குரலில் பீபி உம்மாவுக்கு விளக்கினான். அவர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். “என்ட அல்லாஹ், நான் என்ன வேல பாத்த” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா இறங்கி அவர் பக்கத்தில் இருந்தார், தொடவில்லை.

“எடுத்துடவா அக்கா?” சிறில் கேட்டான். “ஒருக்கா வெளிய வந்தா பாஸ்வேட் யாருக்கும் தெரியாது. பிறகு அது வரவே வராது.”

அக்கா நிலத்திலிருந்து எழுந்து கைப்பையைத் தோளில் போட்டார்.

“இண்டைக்கு விடும்,” என்றார்.

அதன் பிறகு வந்த நாட்களில் அவர் மத்தியானம் எதுவும் தட்டவில்லை. மஞ்சள் முகம் வழக்கம்போல வந்தது, செவ்வாயில் பிந்தி வந்தது. அது ஏன் வருகிறது என்று தெரிந்த பிறகும் அந்தக் கதவு தட்டும் சத்தத்துக்கு எங்கள் இருவருடைய தலையும் நிமிர்ந்தது. முன்பைவிட எனக்கு இப்போதுதான் அதிகம் பயமாக இருந்தது. அக்கா பொலிஸ் பக்கம் போகவுமில்லை. தேட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டு வந்த கோப்பு அங்கே மூடிக் கிடந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா தேனீயைப் பற்றி ஒருவருக்குச் சொல்லத் தொடங்கினார், பாதியில் எறும்பைப் பற்றி முடித்தார். அந்த மனிதர் திருத்தவில்லை.

ஒருநாள் மத்தியானம், நல்ல மழை. ‘டொக் டொக்’ என்று கேட்டது. பெயர் காலையிலேயே தோன்றிவிட்டது. செய்தி வந்தாலும் அதே சத்தம்தான்.

ஒக்டோபஸ் கேட்டிருந்தார்: சாப்பிட்டியா?

அக்காவின் முகம் திறந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெப்ரவரிக்கு முன்பு இருந்த முகம். விரல்கள் அவரைக் கேட்காமலே ஓடின: இல்லையடா, இனித்தான்.

அனுப்பிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. சிரிப்பு உதட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது, போக வழி தெரியாதது போல.

அடுத்த வரி மெல்ல மெல்ல வந்தது. இந்த முறை நீளமாக, ஆங்கில எழுத்தில் எழுத்துக்கூட்டி: சாப்பிட்டுட்டு வேலய பாருங்க மகள்.

நான் பார்க்காதது போல என் திரைக்குத் திரும்பினேன். பின்னால் அக்கா மூச்சு விடுவது கேட்டது, இழுத்து இழுத்து, யோகனுக்கு மூச்சு முட்டும்போது வருவதுபோல. பிறகு அது அடங்கியது. பின்னறைக்குப் போனார். பாத்திரம் திறக்கும் சத்தம், கை கழுவும் சத்தம். திரும்பி வந்தபோது வெளியே போகும் சேலை கட்டியிருந்தார்.

“இது தட்டினா நான் சாப்பிட்ட கையோடயே ஓடிவந்து அவன் எண்டு நினைச்சு எழுதுவன் தம்பி. சாகும்வரைக்கும் எழுதுவன்,” என்றார். “ஷட்டரை இறக்கும். பொலிஸுக்குப் போவம்.”

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்களுக்குப் புதியவர். பழைய கோப்பைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று. அதைத் திறந்து, பழுப்புத் தாளில் விரலை ஓட்டி நிறுத்தினார். கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆள் தொடர்பு கொண்டுவிட்டதாக இந்தப் பெண்ணே ஏப்ரலில் வந்து சொல்லியிருக்கிறாரே, இப்போது என்ன புதிதாகக் காணாமல் போனது? பகிடி பண்ணுகிறீர்களா?

நான் சிங்களத்தில் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி மறித்தார். கைப்பையைத் திறந்து பம்பை மேசையில் வைத்தார். அதிகாரி அதைப் பார்த்தார், தொடவில்லை.

அக்காவின் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் போதுமான சிங்களம். அதில் அவர் சொற்களை ஒவ்வொன்றாக, உடைந்துவிடும் சாமானை இறக்கி வைப்பது போல வைத்தார்.

“ஏ மகே மல்லி நெமெயி, மஹத்தயா.” அது என்னுடைய தம்பி இல்லை.

அதிகாரி அவரை முதன்முறையாக நேரே பார்த்தார். வெளியே மழை விட்டிருந்தது, யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் பழைய தாளைப் புரட்டி மறுபக்கம் போட்டுவிட்டு, வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தார். அப்படியானால் தம்பி கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டார்.

“பெப்ரவரியில,” என்றார் அக்கா, தமிழில். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இனி நான் சொல்லலாம் என்று.

நான் சொன்னேன். அதிகாரி எழுதத் தொடங்கினார்.